அமெரிக்கக் கல்லூரி வளாகத்தில் லத்தீனோ மரபு மாதம்: முதல் கூட்டத்திலிருந்து நவம்பர் படையல் வரை

மேற்படிப்புக்காக அமெரிக்கா போன முதல் ஆண்டு. செப்டம்பர் நடுவில் ஒரு நாள், வளாகச் சாப்பாட்டுக் கூடத்தில் ‘லத்தீனோ இரவு’ என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். கூரையிலிருந்து காகிதத் தொப்பிகள் தொங்கின, தட்டில் டாக்கோ வைத்தார்கள், ஒலிபெருக்கியில் மரியாச்சி இசை ஓடியது. எல்லாமே மெக்சிகோ. என் பக்கத்தில் பெரு நாட்டுத் தோழி உட்கார்ந்திருந்தாள். தட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இதை எங்கள் வீட்டில் ஒருநாள்கூடச் சமைத்ததில்லை” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகம் உறுத்தியது.

அடுத்த ஆண்டு அவள் என்னை லத்தீனோ மாணவர் சங்கத்தின், அதாவது லத்தீன் அமெரிக்க வழியினரான மாணவர்களின் சங்கத்தின், கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். அதற்குப் பிறகு படிப்பு முடியும்வரை அந்தக் குழுவோடுதான் இருந்தேன். மேசை தூக்கினேன், அனுமதிப் படிவம் நிரப்பினேன், காகிதப் பூ செய்தேன். அங்கே கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் மன்றத்திலோ விடுதிக் குழுவிலோ பண்பாட்டுக் குழுவிலோ இருக்கும் தமிழ் மாணவர்கள் பலருக்கு லத்தீனோ மரபு மாதத்தை நடத்தும் வேலை கைக்கு வரும். நல்ல மனதோடு செய்பவர்கள்கூட அந்தக் காகிதத் தொப்பியில் போய் நிற்கிறார்கள். அங்கே போய் நிற்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

ஏன் செப்டம்பர் 15?

மாதத்தின் நடுவில் தொடங்கி அடுத்த மாதத்தின் நடுவில் முடிகிற மாதம் இது. காரணம் தெரிந்திருந்தால் நிகழ்ச்சி திட்டமிடுவது எளிது. 1968-இல் லிண்டன் ஜான்சன் அதிபராக இருந்தபோது இது ஒரு வாரக் கொண்டாட்டமாகத் தொடங்கியது. 1988-இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் அதை செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை நீட்டியது. குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிக்கராகுவா, கோஸ்டா ரிக்கா ஆகிய ஐந்து நாடுகளுக்கும் செப்டம்பர் 15 விடுதலை நாள், ஆண்டு 1821. மறுநாள் 16 மெக்சிகோவுக்கு. 18 சிலிக்கு.

மே 5 மெக்சிகோவின் விடுதலை நாள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது 1862-இல் புவெப்லா நகரத்துக்கு அருகே பிரெஞ்சுப் படையை மெக்சிகோ வீரர்கள் தோற்கடித்த நாள். போஸ்டரில் இந்தத் தவறு வந்துவிட்டால் அதன் பிறகு நீங்கள் செய்யும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

படி 1: மார்ச்சிலேயே கூட்டம் போடுங்கள், யார் வரவில்லை என்று பாருங்கள்

ஆகஸ்ட் கடைசியில்தான் மாணவர்கள் வளாகத்துக்குத் திரும்புவார்கள். அதற்குப் பிறகு இருப்பது மூன்றே வாரம். அதற்குள் அரங்கமும் கிடைக்காது, கலைஞர்களும் கிடைக்க மாட்டார்கள், பணமும் வராது. பல கல்லூரிகளில் மாணவர் மன்றத்தின் நிதி வசந்த செமஸ்டரிலேயே பங்கிடப்பட்டுவிடும். ஆகவே முதல் கூட்டம் மார்ச்சில், தாமதமானாலும் ஏப்ரலில் நடந்தாக வேண்டும்.

அந்தக் கூட்டத்தில் தீர்மானம் போடுவதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. வந்திருப்பவர்களின் குடும்பங்கள் எந்தெந்த ஊர்களிலிருந்து வந்தவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீனோக்கள் 6 கோடியே 21 லட்சம் பேர், மக்கள்தொகையில் 18.7 விழுக்காடு. அவர்களில் பெரும்பகுதியினர் மெக்சிகோ வழியினர் என்பதால், சும்மா விட்டால் நிகழ்ச்சி முழுக்க மெக்சிகோவாகிவிடும். எங்கள் தாளில் முதல் முறை மெக்சிகோ, பெரு, கொலம்பியா மூன்றுதான் இருந்தன. வளாகத்தில் டொமினிக்கன் குடியரசு மாணவர்கள் இருந்தார்கள், ஹோண்டுராஸின் கரிஃபுனா என்ற கறுப்பின மக்களின் குடும்பத்திலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான், வீட்டில் மாம் என்ற மாயா மொழி பேசும் குவாத்தமாலாப் பெண் ஒருத்தி இருந்தாள். யாரும் அவர்களைக் கூப்பிட்டிருக்கவில்லை.

கறுப்பின லத்தீனோக்களும் தொல்குடியினரும்தான் எப்போதும் விட்டுப்போவார்கள். மாயா மொழிகளையோ, மெக்சிகோவின் மிஷ்டெக், சப்போட்டெக் மொழிகளையோ தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்களுக்கு ஸ்பானிஷே இரண்டாவது மொழி. எனவே “லத்தீனோ என்றால் ஸ்பானிஷ்தானே” என்று தொடங்க வேண்டாம். தனித்தனியாகப் போய்ப் பேசுங்கள். பொது ஈமெயிலைப் பார்த்து யாரும் வர மாட்டார்கள். நேரில் கூப்பிட்டால் வருவார்கள்.

நீங்கள் லத்தீனோ இல்லை என்றால் உங்கள் இடம் எது என்பதையும் அன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். என்ன நடக்க வேண்டும் என்று சொல்வது அவர்கள். அது நடப்பதற்கு ஓடியாடுவது நாம். நான்கு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட மேடையில் மைக் பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

படி 2: பெயர் வைப்பது

இதில் ஒரு கூட்டம் முழுக்கப் போய்விடும். போகட்டும், விடுங்கள்.

ஹிஸ்பானிக் என்பது ஸ்பானிஷ் மொழியோடு தொடர்புடைய சொல். லத்தீனோ என்பது லத்தீன் அமெரிக்க நிலத்தோடு தொடர்புடையது. போர்த்துக்கீசியம் பேசும் பிரேசில்காரர் லத்தீனோ, ஆனால் ஹிஸ்பானிக் இல்லை. ஸ்பெயினிலிருந்து வந்தவர் ஹிஸ்பானிக், ஆனால் லத்தீனோ இல்லை. அரசு ஆவணங்களில் இந்த மாதத்துக்கு ஹிஸ்பானிக் என்ற பெயர்தான் இருக்கிறது. ‘லத்தீனோ’வில் உள்ள ‘ஓ’ என்ற ஆண்பால் விகுதியைத் தவிர்க்க லத்தீன்எக்ஸ், லத்தீனே என்ற வடிவங்களும் வந்திருக்கின்றன. மாணவர்கள் சிலருக்கு அவை உயிர். வீட்டுப் பெரியவர்களில் பலருக்கு அவை வாயில் நுழைவதே இல்லை. இவை போதாதென்று, மெக்சிகோ வழி அமெரிக்கர்கள் 1960-களின் போராட்டத்தில் தமதாக்கிக்கொண்ட சிக்கானோ என்ற பெயரைப் பெருமையாகச் சுமப்பவர்கள் உண்டு. புவேர்ட்டோ ரிக்கோக்காரர்கள் தங்களை போரிக்குவா என்பார்கள்.

எந்தப் பெயரை எடுத்தாலும் ஒருவர் முகம் சுளிப்பார். எங்கள் குழு வாக்கெடுத்து ‘லத்தீனோ மரபு மாதம்’ என்று வைத்தது. போஸ்டரின் கீழே நாடுகளின் பெயர்களையும் மக்களின் பெயர்களையும் அவர்கள் சொல்லிக்கொள்ளும் விதத்திலேயே அச்சிட்டோம். சண்டை அதோடு அடங்கியது. இன்னொன்று: புவேர்ட்டோ ரிக்கோ மாணவரிடம் “என்ன விசாவில் வந்தாய்?” என்று கேட்டுவிடாதீர்கள். 1917-லிருந்து அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்.

படி 3: நாட்காட்டி

31 நாளில் முப்பது நிகழ்ச்சி வைக்கும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும். ஐந்து போதும். அந்த ஐந்துக்கும் ஆள் வர வேண்டும், அவ்வளவுதான். நடுப்பருவத் தேர்வு வாரத்தை முதலில் அடித்துவிடுங்கள். பிறகு இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: தொடக்க நாள் மாலை ஒன்று, சமையல், இசையும் நடனமும், வளாகத்தின் வரலாறு, குடும்பங்கள் வரும் ஒரு சனிக்கிழமை.

மெக்சிகோ மாணவர்கள் 15-ஆம் தேதி இரவே ‘கிரிட்டோ’ வைக்க விரும்புவார்கள். 1810-இல் டொலோரெஸ் ஊரின் பாதிரியார் மிகேல் இடால்கோ கோயில் மணியடித்து மக்களை எழுப்பிய நிகழ்வின் நினைவாக, அந்த இரவில் அதிபர் மாளிகை மாடத்தில் நின்று “விவா மெஹிக்கோ!” என்று முழங்குவார், கூட்டம் திருப்பி முழங்கும். வளாகத்திலும் நூலகப் படிக்கட்டில் நின்று செய்யலாம். அதே மேடையில் மத்திய அமெரிக்க நாடுகள் ஐந்தின் பெயரும் முதலில் ஒலிக்கட்டும். 15 அவர்களுடைய நாள்.

நாட்காட்டியில் துக்க நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இதை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு புவேர்ட்டோ ரிக்கோ மாணவி. மரியா புயல் அவர்கள் தீவைத் தாக்கியது 2017 செப்டம்பர் 20. பின்னொரு ஆண்டு அதே தேதியில் நாங்கள் நடன வகுப்பு வைத்திருந்தோம். அவள் வரவில்லை. மறுநாள் காரணம் கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. மெக்சிகோ நகரை உலுக்கிய 1985, 2017 நிலநடுக்கங்கள் இரண்டுமே செப்டம்பர் 19-இல் வந்தவை. மெக்சிகோ நகரின் த்லாத்தெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுடப்பட்டது 1968 அக்டோபர் 2. சிலியில் ஆட்சி கவிழ்ப்பு நடந்தது 1973 செப்டம்பர் 11. மாதம் தொடங்கும் முன்பே சிலி வீடுகளில் அந்த நினைவு வந்துவிடும். இந்த நாட்களில் பெரிதாக ஏதும் செய்யத் தேவையில்லை. ஆட்டம்பாட்டம் வைக்காமல், ஒரு மேசையில் விளக்கும் இரண்டு வரியும் வைத்தால் போதும்.

படி 4: பணமும் அனுமதியும்

மாணவர் மன்றம், துறைகள், நூலகம், பழைய மாணவர் சங்கம் என நான்கு இடத்தில் சிறிது சிறிதாகக் கேளுங்கள். ஒரே இடத்தை நம்பினால் கையைக் கடிக்கும். வரும் பணத்தில் பாதியைக் கலைஞர்களுக்கும் பேச்சாளர்களுக்கும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். “உங்கள் பண்பாடுதானே, இலவசமாக ஆடிவிட்டுப் போங்கள்” என்று கேட்பது அவமரியாதை.

கல்லூரி ஏதாவது உணவு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தால் வெளிச்சாப்பாடு கொண்டுவரத் தனி அனுமதி வேண்டும். அது கிடைக்கப் பல வாரம் ஆகலாம். சட்ட நிலையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள சட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்களை மூடவைத்தது. பதிவுபெற்ற மாணவர் சங்கங்களின் நடவடிக்கைகளுக்கு அதில் விலக்கு உண்டு. இப்படிப்பட்ட மாநிலங்களில் நிகழ்ச்சியை நிர்வாகத்தின் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரில் பதிவு செய்வதே உதவும். உங்கள் மாநிலத்தில் என்ன நிலை என்று மாணவர் விவகார அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: சமையல்

சாப்பாட்டைப் பரிமாறுவதைவிடச் சேர்ந்து சமைப்பது எவ்வளவோ மேல். எங்கள் குழு ஆண்டுக்கு ஒரு நாட்டு வீட்டுச் சமையலை எடுத்துக்கொண்டது. ஒரு மாணவரின் அம்மாவோ அத்தையோ வந்து கற்றுத் தருவார். இருபது பேர் கை வைப்பார்கள்.

முதல் ஆண்டு தமால். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, கழுவி, அரைத்த மாவுதான் மாசா. சுண்ணாம்பு சேர்ப்பதால் தோல் கழன்றுவிடும், மாவு ஒட்டிவரும், உடம்பில் சேரும் சத்தும் கூடும். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கும் கைவேலை இது. மாவைக் கொழுப்போடு சேர்த்து அடித்துக்கொண்டே இருந்த அந்த அம்மா, நடுவில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர்க் குவளையில் போட்டார். மூழ்கியது. “இன்னும் அடி” என்றார். கால் மணி நேரம் கழித்து மறுபடி போட்டார். மிதந்தது. அதன் பிறகுதான் ஊறவைத்த சோளத் தோகையில் மாவைத் தடவ விட்டார். நடுவில் கறியோ சீஸும் மிளகாயுமோ வைத்து மடித்து, பானையில் நிற்கவைத்து, ஒன்றரை மணி நேரம் ஆவியில் வேகவிட வேண்டும். காத்திருக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் நடந்த பேச்சுதான் எனக்கு அந்த மாதத்திலேயே பிடித்த பகுதி.

நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வழக்கமான தமால் மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கும். வறுத்து மசித்த பயறிலும் இருக்கலாம். சைவம் சாப்பிடுபவர்கள், பன்றி சாப்பிடாதவர்கள் வருவார்கள் என்றால், தாவர எண்ணெயில் தனி மாவு பிசையச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் என்ன சேர்த்திருக்கிறது என்று சீட்டு எழுதிவையுங்கள்.

அடுத்த ஆண்டு புவேர்ட்டோ ரிக்கோவின் அரோஸ் கோன் கந்தூலேஸ். பாத்திரத்தைத் திறந்ததும் எனக்கு வியப்பு. கந்தூல் என்பது பச்சைத் துவரை! இந்தியாவில் பிறந்த துவரை ஆப்பிரிக்கா வழியாகக் கரீபியத் தீவுகளுக்குப் போய், அங்கே பண்டிகைச் சோறாகிவிட்டது. பருப்பாக உடைத்துச் சாம்பாரில் போடும் நமக்கு, பச்சைக் காயை அரிசியோடு சேர்த்து வேகவைக்கும் அந்தச் சுவை வேறு மாதிரி இருந்தது. குழுவில் யாருக்கும் என் ஊரில் அது விளைகிறது என்று தெரியாது. அன்றைக்குச் சமையல் சொல்லிக்கொடுத்த அத்தை, சாம்பார் எப்படி வைப்பது என்று என்னிடம் அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேறு ஊர்ச் சமையலுக்கும் சில யோசனைகள்: எல் சால்வடோரின் பூரணம் வைத்த ரொட்டியான புபூசா, கொலம்பியாவும் வெனிசுவேலாவும் தத்தம் சொத்து என்று சொல்லும் சோள ரொட்டியான அரெப்பா, நிக்கராகுவாவும் கோஸ்டா ரிக்காவும் சண்டை போடும் காயோ பின்டோ என்ற பீன்ஸ் சோறு. சண்டை போடும் பண்டத்தை எடுத்தால் இரு தரப்பையும் அழைத்து இரண்டு அடுப்பு வையுங்கள்.

படி 6: இசையும் நடனமும்

சல்சா வகுப்பு எல்லா வளாகத்திலும் நடக்கும், நடக்கட்டும். சல்சா நியூயார்க்கில் கியூபா, புவேர்ட்டோ ரிக்கோக் கலைஞர்களின் கையில் உருவானது என்பதையாவது வகுப்பின் தொடக்கத்தில் சொல்லச் சொல்லுங்கள். மெரெங்கேயும் பச்சாத்தாவும் டொமினிக்கன் குடியரசுடையவை, கும்பியா கொலம்பியாவிலிருந்து கிளம்பியது.

என் பரிந்துரை பொம்பா. புவேர்ட்டோ ரிக்கோவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் உருவாக்கிய கலை இது. முன்பு ரம் பீப்பாய்களில் தோலிழுத்துக் கட்டிய முரசுகள். ஒன்றோ இரண்டோ முரசு தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, பிரிமோ என்பது, ஆடுபவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். ஆடுபவர் முரசின் முன் வந்து வணங்கிவிட்டுத் தோளைச் சொடுக்குவார். முரசு ‘டப்’ என்று பதில் சொல்லும். பாவாடை விளிம்பை ஒரு வீச்சு வீசுவார். முரசு அந்த வீச்சை அடியாக்கும். தாளத்துக்கு ஆள் ஆடுவதில்லை, ஆளுக்குத் தாளம் ஓடுகிறது. எங்கள் நிகழ்ச்சியில், நடனமே தெரியாது என்று ஓரமாக நின்ற முதலாண்டு மாணவியை முரசுக்காரர் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் தயங்கித் தயங்கி ஒரு கையைத் தூக்கினாள். முரசு அடித்தது. திடுக்கிட்டு இன்னொரு கையையும் தூக்கினாள். மறுபடி அடித்தது. அடுத்த ஐந்து நிமிடம் அந்தப் பெண்ணை யாராலும் நிறுத்த முடியவில்லை. மேடை போடாதீர்கள், வட்டமாக நிற்க இடம் விடுங்கள்.

படி 7: உங்கள் வளாகத்தின் கதையைத் தோண்டுங்கள்

பெரும்பாலான குழுக்கள் விட்டுவிடும் படி இது. என்னைக் கேட்டால் மாதத்தின் முதுகெலும்பு இதுதான்.

இன்று லத்தீனோ மாணவர்களுக்கு வளாகத்தில் ஒரு அறையோ ஒரு பாடப்பிரிவோ இருக்கிறதென்றால், அதற்காக யாரோ போராடியிருக்கிறார்கள். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் கறுப்பின, லத்தீனோ, ஆசிய, தொல்குடி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய வேலைநிறுத்தம் நான்கு மாதத்துக்கு மேல் நீடித்து, இனக்குழுக்கள் பற்றிய கல்விக்கென்று ஒரு தனிக் கல்லூரியைப் பெற்றுத் தந்தது. 1969 ஏப்ரலில் சான்டா பார்பராவில் கூடிய சிக்கானோ மாணவர்களும் ஆசிரியர்களும் உயர்கல்விக்கான ஒரு திட்டத்தை எழுதினார்கள். அதே ஏப்ரலில் நியூயார்க் சிட்டி காலேஜில் கறுப்பின மாணவர்களும் புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்களும் வளாகத்தின் ஒரு பகுதியைக் கைப்பற்றினார்கள். மறு ஆண்டே நகரப் பல்கலைக்கழகம் நகரத்தின் பள்ளி முடித்த எல்லாருக்கும் கதவைத் திறந்தது. பிரின்ஸ்டனில் புவேர்ட்டோ ரிக்கோ மாணவர் அமைப்பின் தலைவர்களில் ஒருவராக இருந்து, லத்தீனோ பேராசிரியர்களை நியமிக்கக் கோரிய மாணவி, 2009-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார், சோனியா சோட்டோமயோர்.

இதெல்லாம் பெரிய கதைகள். உங்கள் வேலை சின்னக் கதையில் இருக்கிறது. நூலகத்தின் ஆவணப் பிரிவுக்குப் போய், 1965-க்குப் பிந்தைய மாணவர் செய்தித்தாள்களைக் கேளுங்கள். ஆவணக் காப்பாளரிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லிவைத்தால் அவரே பெட்டிகளை எடுத்துவைப்பார். உங்கள் சங்கம் எந்த ஆண்டு தொடங்கியது, முதல் கூட்டம் எந்த அறையில் நடந்தது, யார் கையெழுத்திட்டார்கள் என்று தேடுங்கள். கிடைத்த பெயர்களைப் பழைய மாணவர் அலுவலகம் வழியாகத் தொடர்புகொள்ளுங்கள். நாங்கள் தேடியபோது, நாங்கள் தினமும் கூட்டம் போட்ட அதே அறைக்காக எழுபதுகளில் பன்னிரண்டு பேர் நிர்வாக அலுவலகத்தின் வராந்தாவில் இரண்டு இரவு படுத்திருந்தது தெரிந்தது. அந்தச் செய்தித்தாள் பக்கத்தைப் பெரிதாக்கி அறைக் கதவில் ஒட்டினோம். அந்தப் பன்னிரண்டு பேரில் இருவர் சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு வந்து, கதவு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

படி 8: குடும்பங்கள்

லத்தீனோ மாணவர்களில் நிறையப் பேர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் ஆள். பெற்றோர் வளாகத்துக்குள் கால் வைத்ததே இருக்காது. ஆகவே ஒரு சனிக்கிழமையை அவர்களுக்கென்றே வையுங்கள். அழைப்பிதழ் ஸ்பானிஷிலும் இருக்கட்டும், தேவைப்பட்டால் போர்த்துக்கீசியத்திலும். மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் விட்டு அப்படியே அச்சிட வேண்டாம். வாகன நிறுத்தம் இலவசம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். தம்பி தங்கைகளுக்கு ஒரு மேசை, வண்ணக் காகிதம், கத்தரி. லோத்தேரியா அட்டை விளையாட்டு ஒன்று இருந்தால் பாட்டியும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் சமைப்பவர்கள், இரவில் வகுப்பறை துடைப்பவர்கள், தோட்ட வேலை செய்பவர்கள் ஆகியோரில் பலர் லத்தீனோக்களாக இருப்பார்கள். அவர்களுக்கும் அழைப்பு போக வேண்டும், அவர்கள் பணி முடியும் நேரம் பார்த்து.

அப்புறம், படம் எடுக்கும் விஷயம். குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள் எந்த வளாகத்திலும் இருக்கக்கூடும். மாணவருக்கு ஆவணம் இருந்து பெற்றோருக்கு இல்லாமலும் இருக்கும். பள்ளி, தேவாலயம், மருத்துவமனை போன்ற இடங்களில் குடியேற்றக் கைது நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்தி வந்த வழிகாட்டுதலை மத்திய அரசு 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டது. அதன் பிறகு அச்சம் கூடியிருக்கிறது. யாரிடமும் ஆவண நிலையைக் கேட்காதீர்கள். வருகைப் பதிவேட்டில் முழுப் பெயரும் முகவரியும் வாங்காதீர்கள். முகம் தெரியும் படத்தை அனுமதி இல்லாமல் எங்கும் போடாதீர்கள். படம் எடுக்கப்பட விரும்பாதவர்களுக்கு வாசலில் ஒரு வண்ண ஸ்டிக்கர் கொடுத்துவிட்டால் படம் எடுப்பவருக்கு வேலை சுலபம்.

படி 9: நவம்பர் படையல்

நாட்காட்டிப்படி மாதம் அக்டோபர் 15-இல் முடிந்துவிடும். பல வளாகங்களில் அது நவம்பர் 2 வரை நீளும். காரணம் தியா தே முவெர்த்தோஸ், இறந்தோர் நாள். நவம்பர் 1 குழந்தையாகப் போனவர்களுக்கு, 2 பெரியவர்களுக்கு. அவர்கள் வீடு திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கையில் வைக்கப்படுவது ஒஃப்ரெண்டா. தமிழில் அதற்குப் படையல் என்ற சொல்தான் என் வாயில் வருகிறது. நம் முன்னோர் படையலும் இதுவும் ஒன்றில்லை, ஆனாலும் போனவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்துக் காத்திருப்பது என்றால் என்னவென்று நமக்கு விளக்கத் தேவையில்லை.

இது மெக்சிகோவின் வழக்கம். எல்லா லத்தீனோக்களும் இப்படிச் செய்வதில்லை. குவாத்தமாலாவின் சும்பாங்கோவில் அன்று பிரம்மாண்டமான பட்டங்களைப் பறக்கவிடுவார்கள். ஈக்வடாரில் கருஞ்சோள மாவும் பழங்களும் சேர்த்துக் காய்ச்சிய கொலாடா மொராடாவும் குழந்தை வடிவ ரொட்டியும் உண்டு. சில புராட்டஸ்டன்ட் குடும்பங்களுக்கு இதில் ஈடுபாடு இருக்காது. அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

இடம்: நூலக முகப்பு மிகவும் ஏற்றது, எல்லாரும் கடந்து போவார்கள், இரவில் பூட்டவும் முடியும். அக்டோபர் கடைசி வாரத்தில் கட்டத் தொடங்குங்கள். மூன்று மேசை அல்லது பெட்டிகளைப் படிபோல அடுக்கி வெள்ளைத் துணியோ நெய்த சராப்பே துணியோ விரியுங்கள். மேல்படியில் படங்கள். நடுவில் உணவு, சர்க்கரையில் செய்த மண்டையோடுகள், எலும்பு வடிவில் மாவு ஒட்டிச் சுட்ட பான் தே முவெர்த்தோ ரொட்டி. கீழே ஒரு குவளைத் தண்ணீர், நெடுந்தூரம் வருபவரின் தாகத்துக்கு. ஒரு கிண்ணம் உப்பு. மேலே பப்பெல் பிக்காடோ, அதாவது வெட்டுவேலை செய்த மெல்லிய வண்ணத் தாள் தோரணம். கைவினைஞர்கள் தாள்களை அடுக்கி உளியால் வெட்டுவார்கள். நீங்கள் மடித்துக் கத்தரியால் வெட்டலாம்.

பூ செம்பசூச்சில். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம், நம் செண்டுமல்லிதான் அது. மெக்சிகோ மண்ணில் பிறந்த செடி. ஆயுத பூஜைக்கு நாம் மாலை மாலையாகக் கட்டும் அந்தப் பூ அங்கிருந்து வந்தது. நவாட்டில் என்ற மெக்சிகோத் தொல்குடி மொழியில் அதன் பெயருக்கு ‘இருபது பூ’ என்று பொருள். அதன் மணமும் நிறமும்தான் ஆன்மாக்களுக்கு வழி காட்டும் என்பார்கள். அதனால் இதழ்களை உதிர்த்து வாசலிலிருந்து படையல்வரை ஒரு பாதை போடுவார்கள். மாலை கட்டத் தெரிந்த தமிழ்க் கை அங்கே மிகவும் பயன்பட்டது. நான் கட்டிய சரத்தைத்தான் வளைவில் தொங்கவிட்டார்கள்.

பூ போதவில்லை என்றால் காகிதத்தில் செய்யலாம். ஆரஞ்சு நிற டிஷ்யூ தாள் ஆறு எடுத்து அடுக்கி, விசிறிபோல மடித்து, நடுவில் மெல்லிய கம்பியால் கட்டி, இரு முனைகளையும் வட்டமாக வெட்டி, ஒவ்வொரு தாளாக நடுவை நோக்கிப் பிரித்துவிடுங்கள். முதல் இரண்டு கிழியும். மூன்றாவதிலிருந்து கை பழகிவிடும்.

தீ பற்றி முன்பே பேசிவிடுங்கள். பெரும்பாலான வளாகக் கட்டடங்களில் மெழுகுவத்தி ஏற்ற அனுமதி இல்லை. பேட்டரி விளக்குகளே வைக்க வேண்டும். கொப்பால் பிசின் புகை போடுவது மரபு, ஆனால் உள்ளே போட்டால் தீ எச்சரிக்கை மணி அலறும். ஒருமுறை எங்களுக்கு அப்படி அலறி, கட்டடமே காலியானது. அடுத்த ஆண்டிலிருந்து தொடக்கச் சடங்கை வெளியே புல்வெளியில் புகையோடு செய்துவிட்டு, பூப்பாதை வழியாக உள்ளே வந்தோம்.

படங்களை அசலாக வாங்காதீர்கள். நகல் எடுத்துத் தருவதற்கு ஒரு ஸ்கேனரை அருகிலேயே வையுங்கள். யார் வேண்டுமானாலும் படம் வைக்கலாமா என்று கேள்வி வரும்; அதைச் சங்கத்தார்தான் சொல்ல வேண்டும். எங்கள் சங்கம் வைக்கலாம் என்றது. முகத்தில் மண்டையோடு வரைந்துகொண்டு ‘ஹாலோவீன்’ விருந்துக்குப் போகும் கூட்டம் படம் எடுத்துக்கொள்ள வந்தால், பக்குவமாக விளக்கிச் சொல்ல ஒருவர் எப்போதும் அருகில் இருக்கட்டும்.

நான் கடைசியாகக் கட்டிய படையலில், நவம்பர் 1 இரவு பதினொரு மணிக்குக் காவல் முறை எனக்கு. நூலகத்தைத் துடைக்கும் அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். புவெப்லா பக்கத்துக்காரர். நாங்கள் அவரை மரியாதையாக டோன்யா, அதாவது அம்மா, என்றுதான் அழைப்போம். படையலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைபேசி உறையின் பின்பக்கத்திலிருந்து சிறிய படம் ஒன்றை எடுத்தார். அவருடைய அம்மா. அடக்கத்துக்குப் போக முடியவில்லை என்றார். ஸ்கேனரில் நகல் எடுத்துக் கொடுத்தேன். அதைத் தண்ணீர்க் குவளைக்கு அருகே சாய்த்து வைத்துவிட்டு, தன் சாப்பாட்டுப் பையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தை அதன் முன் வைத்தார். பிறகு பாதையில் சிதறியிருந்த இதழ்களைத் துடைப்பத்தால் ஒதுக்காமல், கையால் அள்ளி ஒழுங்குபடுத்திவிட்டு அடுத்த மாடிக்குப் போனார்.

நவம்பர் 3 அன்று கலைக்கலாம். படங்களை ஒவ்வொருவர் கையிலும் நேரில் கொடுங்கள். உணவைக் குழுவினர் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அதில் மணம் போய்விட்டிருக்கும், வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பார்கள். அதே வாரத்தில் செலவுக் கணக்கு, அனுமதிப் படிவங்களின் நகல், கலைஞர்களின் தொடர்பு, என்ன சரியாக வரவில்லை என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு அடுத்த குழுவிடம் ஒப்படையுங்கள். தொட்டியில் வளர்த்த செண்டுமல்லி இருந்தால் பூவைச் செடியிலேயே காயவிட்டு, விதையை உதிர்த்து, காகித உறையில் போட்டு அந்தக் கோப்போடு சேர்த்து வையுங்கள். உறையின் மேல் தேதி எழுத மறக்க வேண்டாம்: ஜூலை முதல் வாரம் விதைத்தால்தான் அக்டோபர் கடைசியில் பூக்கும்.